என் மேசையில் இறங்கிய ஹெலிகாப்டர்கள்

ராணுவ ஹெலிகாப்டரை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிற தொழில் என்னுடையது. நிஜமானதை ஓட்டுகிறவருக்குப் புயலைக் கண்டால் பயம், நமக்குத் தும்மலைக் கண்டால் பயம். தெறித்து விழுந்த கண்ணாடித் துணுக்கைத் தரையில் தவழ்ந்து தேடியிருக்கும் அன்பர்களுக்கு இது புரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த நான், இன்று அதே வீதியில் இதற்கென்றே கடை வைத்திருக்கிறேன்.

ரோஸ் கலர் சேத்தக்

ஏற்றுமதி முதலாளி ஒருவர், தன்னிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பரிசாகக் கொடுக்க சேத்தக் ஹெலிகாப்டர் கேட்டார். "நம்ம பிராண்டு கலர் ரோஸுங்க. அதையே அடிச்சுக் குடுத்துருங்க" என்றார். பனிமலையிலும் வெள்ளக்காட்டிலும் ஆளைத் தூக்கி வந்த வண்டிங்க, அதுக்கு ரோஸ் பூச எனக்குக் கை வராதுங்க என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். கடை திறந்த புதிது, வந்த முதல் பெரிய ஆர்டர். அதுவும் கைநழுவியது.

அடுத்த வாரம் அவரே வந்து, "உங்க இஷ்டப்படியே அடிங்க" என்றார். ராணுவப் பச்சையில் செய்து கொடுத்தேன். பையர் வந்த அன்று போன் அடித்தது: "ஏனுங்க, அந்த மனுசன் நம்ம பனியனத் தொட்டுக்கூடப் பாக்கலீங்க, ஹெலிகாப்டரையே சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருக்காருங்க!"

கயிறு

பக்கத்து யூனிட்டில் ஓவர்லாக் தைக்கும் செல்விக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துருவ் ஹெலிகாப்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "வெள்ளத்துல மொட்ட மாடியில கெடந்தோம்க்கா. இதுதான் வந்து கயிறு இறக்குச்சு. பிள்ளய நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிட்டேன்" என்றாள்.

அன்றைக்கே அந்த ஹெலிகாப்டரின் கதவைத் திறந்து வைத்தேன். பனியன் நூலில் ஒரு இழை பிரித்துத் தொங்கவிட்டு, நுனியில் ஒரு தாயையும் பிள்ளையையும் பொருத்தினேன். மறுநாள் செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எக்கா, கயித்த மட்டும் கொஞ்சம் தடியாப் போடுங்க. நாங்க ரெண்டு பேருல்லா தொங்குனோம்."

வால் விசிறி

கணியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். அப்பா விமானப்படையில் எம்ஐ-8 மெக்கானிக்காக இருந்தவர். இப்போது பார்வை போய்விட்டது. அந்த ஹெலிகாப்டரை அவர் கையில் கொடுக்க வேண்டுமாம். எனக்குக் கிடைத்ததோ எம்ஐ-17 செய்வதற்கான பாகங்கள் அடங்கிய கிட். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் எம்ஐ-8க்கு வால் விசிறி வலப்பக்கம், தம்பிக்கு இடப்பக்கம். "பரவாயில்லைங்க, அப்பாவுக்குத்தான் கண்ணு தெரியாதுங்களே" என்றார் மகள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாலை அறுத்து விசிறியை வலப்பக்கம் மாற்றினேன். எஞ்சின் மூடியையும் ராவித் திருத்தினேன்.

கணியூருக்கு நானே எடுத்துப் போனேன். பெரியவர் மூக்கில் தொடங்கி, வட்ட ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தடவி, வாலுக்கு வந்தார். இடப்பக்கம் தொட்டார், வெறுமை. விரல் வலப்பக்கம் திரும்பி, விசிறியில் பட்டு நின்றது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"குருடன்தானேன்னு ஏமாத்தல கண்ணு நீ. இது எங்க வண்டியேதான்!"

இத்தனை ஹெலிகாப்டர்களைக் கட்டி அனுப்பியும், என் கடைக்கு வழி கேட்டால் "அந்த பொம்மைக்கடைக்கார அக்காவுங்களா?" என்றுதான் வீதியே கை காட்டுகிறது.