பூஞ்சைக்கு வைரஸ் கேட்டுச் சிதம்பரம் போனோம்

போன மாசியில் நானும் என் மனைவியின் தம்பி சேவியரும் கடலூரிலிருந்து சிதம்பரம் போனோம். கோயிலுக்கு இல்லை. அண்ணாகிராமம் பக்கம் அவன் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தான். நாற்பத்தைந்து நாள் பயிர் திட்டுத்திட்டாக வாடியது. பிடுங்கினால் தண்டின் அடியில் வெள்ளை நூல், கடுகு போல உருண்டைகள். தண்டழுகல், பூஞ்சையால் வரும் நோய். முந்தின வருஷமும் பாதி இப்படித்தான் போனது. இந்தத் தடவை மொத்தத்தையும் உழுதுவிடப் போனவனை, பூஞ்சையை வைரஸால் அடக்கலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்த நான்தான் நிறுத்தி வைத்தேன்.

காலை 7.40க்குப் பேருந்து. சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய்.

"இன்னாப்பா, செடியத் தூக்கிக்கினு எங்க போற?" என்றார் கண்டக்டர்.

"டாக்டர்கிட்ட" என்றான் சேவியர், சிரிக்காமல்.

அங்கே பல்கலைக்கழகத்தில் பயிர் நோய்களை ஆராயும் ஒரு மேடத்தை நண்பர் மூலம் பிடித்திருந்தேன். அவர் இரண்டு கண்ணாடித் தட்டுகளை நீட்டினார். ஒன்றில் வெள்ளைப் பூஞ்சை விளிம்புவரை அடர்ந்திருந்தது. மற்றதில் மெலிந்து கிடந்தது.

"ரெண்டும் ஒரே பூஞ்சைதான். மெலிஞ்சிருக்கே, இதுக்குள்ள வைரஸ் இருக்கு. பூஞ்சை உயிரோடதான் இருக்கு, ஆனா செடிய அழுக வைக்கத் தெம்பு இல்ல."

"வைரஸ் செடிக்குத்தானே மேடம் வரும்?" என்றான் சேவியர்.

"பூஞ்சைக்கும் வரும்."

"அப்ப அதுல கொஞ்சம் குடுங்க, கரைச்சு ஊத்திடறேன்."

"ஊத்தினா ஒட்டாது சார். பூஞ்சையோட நூலும் நூலும் இணைஞ்சாதான் வைரஸ் தாவும். வேற ரகம்னா இணையாது. உங்க வயல்ல எந்த ரகம்னு தெரியாது. இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

சேவியர் என்னைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் புரியல மாமா." எனக்கும்தான்.

உழ வேண்டாம் என்றார் மேடம். வாடியதை அடிமண்ணோடு எடுத்து எரியுங்கள், டிரைக்கோடெர்மாவை மக்கிய எருவில் கலந்து போடுங்கள் என்றார். அதுவும் ஒரு பூஞ்சைதானாம், நோய்ப் பூஞ்சையை அடக்குமாம். சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனாலும் வீடு திரும்பிய மறுநாளே பிடுங்க ஆரம்பித்தான்.

நீங்களும் போவதென்றால் முதலில் போன் செய்துவிடுங்கள். மதியத்துக்கு முன் போங்கள். செடியை வேரோடு எடுத்துச் செய்தித்தாளில் சுற்றுங்கள். எங்களைப் போல ஈரப் பிளாஸ்டிக் பையில் வேண்டாம், வழியிலேயே அழுகிவிடும். மருந்து பாட்டிலோடு திரும்புவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சித்திரையில் ஒன்றேகால் ஏக்கர் தேறியது. காய் கொத்தாகத் தொங்கிய ஒரு செடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேவியர் கேட்டான்:

"இது நாம பண்ணதாலயா, இல்ல பூஞ்சைக்கே காய்ச்சல் வந்துச்சா மாமா?"

தெரியவில்லை என்றேன். அவன் மண்ணை உதறிவிட்டு அடுத்த செடிக்குக் குனிந்தான்.