சீவரத்தினம் அண்ணை சொன்ன ஒன்பது குற்றம்

போன மாசியில் சீவரத்தினம் அண்ணை காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வீட்டுக்காரர் கல்வெட்டு என்கிற நினைவுப் பாட்டுப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஏரம்புவின் மூத்த மகனாகச் சுன்னாகத்துக்குக் கிட்டப் பிறந்தது, புகையிலைக்குத் தரம் பார்ப்பதில் பேரெடுத்தது, கோயிலுக்கு மணி செய்து கொடுத்தது எல்லாம் அதில் பாட்டாகவே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், இன்சொல் அன்றி வேறொன்று அறியாதவர் என்று ஒரு வரி. அதை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் வைத்துச் சிரித்தால் மரியாதையாக இராது என்று வாயைப் பொத்திக்கொண்டு படலைக்கு வெளியே வந்தேன். அவருடைய வாயில் இன்சொல் வந்ததை நான் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறேன். அந்த நாள் கல்வெட்டில் இல்லை. பாட்டுக் கட்டியவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும், ஆகவே நான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் புகையிலை சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் அவருக்கு வேலை. மலையாளத்துக்குப் போகிற புகையிலையை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலையாகத் தூக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, மணந்து பார்த்துப் பிரிப்பார். அந்தக் கிட்டங்கியின் பின்வேலிக்கு அப்பால்தான் எங்கள் கிளப்பின் கூடைப்பந்து மைதானம். மைதானம் என்றால் அடித்து இறுக்கிய செம்மண்ணும், இரண்டு பக்கமும் பனைமரக் கால்களில் பலகையும் இரும்பு வளையமும்தான். ஒரு நாள் பந்து வேலிக்கு மேலால் போய், அவர் பிரித்து வைத்த இலைகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. பந்தை ஒரு கையிலும் செருப்பை மற்றக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு அவர் வேலியைச் சுற்றி வந்தார். எங்களை ஏசுவதற்கு முன்பு மூச்சு வாங்கக் கரையிலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தவர் அந்த வாங்கை விட்டுப் பன்னிரண்டு வருஷம் எழும்பவில்லை.

அவர் ஒரு நாளாவது பந்தைக் கையால் தொட்டு விளையாடியவர் அல்ல. ஆனால் விதிகளையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டார். ஒவ்வொரு பின்னேரமும் கிட்டங்கி பூட்டியதும் வந்து, எத்தனை பந்து விழுந்தது, எத்தனை விழவில்லை என்று கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் சிலரைக் கூப்பிட்டுக் குற்றம் சொல்லுவார். சிலரைத் திரும்பியும் பாரார். அவர் திரும்பிப் பாராதவர்கள் எவ்வளவு பாக்கியசாலிகள் என்று நான் அந்தக் காலத்தில் நினைத்தேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் குற்றம்தான்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் குருநகர்ச் சூசைதாசன். என் தகப்பனார் கிறகோரி அப்பு, அவருடைய அப்பு, எல்லாருமே கடலில் பிழைத்தவர்கள். எனக்கோ வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி. ஐந்து தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, ஆறாம் தரம் அப்பு என்னைக் கரையில் விட்டுவிட்டார். "உவனுக்குக் கடலும் இல்லை, படிப்பும் இல்லை. மாதாவே, உவனை நான் என்ன செய்யிறது?" என்று என் தாயார் செபஸ்தியம்மா கும்பிடாத நாள் கிடையாது. எனக்கு வந்தது ஒன்றே ஒன்று, பந்து.

அந்தப் பந்தால் 1936இல் கொழும்பில் ஒரு வேலை கிடைத்தது. தேயிலைப் பெட்டி அடிக்கிற ஒரு கொம்பனி, மற்றக் கொம்பனிகளோடு போட்டி போடுவதற்குக் கூடைப்பந்துக் கோஷ்டி வைத்திருந்தது. விளையாடுவதற்கென்றே என்னைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். கந்தோர் மேசையில் இருந்து பெட்டிக் கணக்கு எழுதுவதென்பது பேருக்குத்தான். முதல் வருஷம் மானம் போயிற்று. எனக்கு வலக்கையால் மட்டுமே போட வரும் என்பதை இரண்டாம் ஆட்டத்திலேயே எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். வலப்பக்கம் ஒருவன் வந்து நின்றால் போதும், நான் கட்டிப்போட்ட ஆடுதான்.

போட்டிகள் முடிந்து மழை தொடங்கியதும், விளையாட்டுக்குப் பொறுப்பாயிருந்த பறங்கித் துரை என்னைக் கூப்பிட்டார். "உனக்கு ஒரு கைதான் இருக்கிறது. ஊருக்குப் போய் மற்றக் கையையும் எடுத்துக்கொண்டு தைமாதம் வா. நீ எடுத்தாயா இல்லையா என்று உன்னை நாள்தோறும் பார்க்கிற ஒருவர் எனக்கு எழுதவேண்டும். கடிதம் சரியில்லை என்றால் உன் இடத்துக்கு வேறு பையன் இருக்கிறான்" என்றார்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் மழை விட்ட நேரமெல்லாம் நான் மைதானத்தில்தான். வலக்கையை இடுப்போடு சேர்த்துத் துவாயால் கட்டிவிட்டு இடக்கையால் போடுவேன். சோறும் இடக்கையால் தின்று தாயாரிடம் ஏச்சு வாங்கினேன். சீவரத்தினம் அண்ணை குடையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருப்பார். சேறு தெறித்தால் காலை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு நாளும் வராமல் விட்டதில்லை. ஒரு நாளும் நல்லது என்று சொன்னதுமில்லை.

மார்கழி முடிவில் கிளப்பின் காரியதரிசி சண்முகநாதன் வாத்தியாரிடம் போனேன். அவர் நேர்மையான மனுஷர். "நான் ஞாயிற்றுக்கிழமையிலைதான் உன்னைப் பாத்தனான். ஒவ்வொரு நாளும் பாத்தது சீவரத்தினம். அவர் சொல்லட்டும், நான் இங்கிலீசிலை எழுதுறன்" என்றார். அண்ணை சொன்னார், வாத்தியார் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதித் தபாலில் போட்டார். இரண்டு நாள் கழித்து அதன் நகலை எனக்கு வாசித்துக் காட்டினார்.

இடக்கையால் பந்தைத் தட்டி ஓடும்போது கண் பந்தில் இருக்கிறது. இடக்கையால் மூலையிலிருந்து போட்டால் ஒரு சாண் குறைகிறது. போடும்போது முழங்கை வெளியே போகிறது. இடக்கையால் எறிகிற பந்து கூட்டாளியின் நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகிறது. கோபம் வந்தால் கத்துகிறான். இப்படி ஒன்பது. கடைசியில் கையெழுத்து. நல்லதாக ஒரு சொல்லாவது இருக்குமென்று நான் நகலைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் வேலியைச் சுற்றிப் போகப் பொறுமையில்லை, வேலியைப் பிரித்துக்கொண்டே கிட்டங்கிக்குள் போனேன். அவர் இலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நான் என்ன பாவம் செய்தனான்?"

"என்னடா, என்ன நடந்தது?"

"ஒம்பது குற்றம் எழுதுவிச்சிருக்கிறியள். மூண்டு மாசம் குடைக்குக் கீழை இருந்து பாத்த உங்கடை கண்ணிலை நல்லது ஒண்டும் படேல்லையோ?"

அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். பக்கத்தில் கழித்துப் போட்டிருந்த குவியலைக் காட்டினார். "உந்தக் குவியலைப் பார். காலமை துவக்கம் உதிலை எவ்வளவு எறிஞ்சிருப்பன். ஒண்டைப் பற்றியாவது வாய் திறந்தனானோ எண்டு இஞ்சை நிக்கிறவையைக் கேள். கழிச்சதுக்குக் குற்றம் சொல்ல எனக்கென்ன விசரோ? கையிலை வைச்சிருக்கிற இலைக்குத்தான் நரம்பு எப்பிடி, நுனி எப்பிடி எண்டு பாக்கிறது. இருந்திருந்து ஒரு இலை வரும், அதுக்கு ஒம்பது குற்றம் சொல்லலாம். அந்த இலையை நான் கண்ட விலைக்கு ஒருத்தருக்கும் குடுக்க விடமாட்டன்."

அவர் திரும்பிப் பாராமல் விட்டவர்களையெல்லாம் அப்போது நினைத்தேன். பிறகுதான் பயம் வந்தது.

"அண்ணை, உது புகையிலைக்காரருக்கு விளங்கும். துரைக்கு விளங்குமோ?"

"ஏன் விளங்காது? மலையாளத்து வியாபாரிக்கே விளங்குது."

"அவர் தேயிலைப் பெட்டிக்காரர் அண்ணை. குற்றம் எண்டால் குற்றம் எண்டுதான் வாசிப்பார்."

அவர் கையிலிருந்த இலை மெதுவாகக் கீழே வந்தது. இப்படி ஒரு சங்கதி இருக்கும் என்று அவர் யோசித்தே பார்த்திருக்கவில்லை. முகம் கறுத்துப்போயிற்று. வாத்தியார் இன்னொரு கடிதம் எழுதுவார் என்று சொன்னேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"கடிதத்தாலை ஒருக்காப் பிழைச்சுது. நான் வந்து வாயாலை சொல்லுறன். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போ."

யாழ்ப்பாணத்தின் எல்லையான ஆனையிறவுக்கு அங்கால் போயிராத மனுஷன் அவர். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தனியே றெயில் ஏறமாட்டார் என்று நான் சுன்னாகத்துக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அவருடைய மனைவி குணலட்சுமி அக்கா ஸ்டேஷனுக்கு வந்து இடியப்பப் பொட்டலத்தை என் கையில் தந்தார். "வழியிலை உப்புக் கூட, உறைப்புக் குறைய எண்டு பேசுவர், பேசட்டும் தம்பி. பேசாமல் சாப்பிட்டால்தான் வயித்துக்கு ஏதோ செய்யுதெண்டு நினை" என்றார்.

வழி நெடுக அவர் பேசவில்லை. இடியப்பத்துக்குக் கூட ஒரு குற்றம் சொல்லவில்லை. அவருக்கு என்னை விடப் பயம் என்று விளங்கியது.

திங்கட்கிழமை காலை கந்தோரில் துரை எங்களுக்குக் கதிரை காட்டினார். அண்ணை கதிரையில் இருக்காமல் நின்றார். துரை மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து, ஒன்பது முறைப்பாடு இருக்கிறது, நல்லது ஒன்றும் இல்லை, வருத்தம்தான், மற்றப் பையனுக்கு ஆள் அனுப்பிவிட்டேன் என்றார். அதை நான் தமிழில் சொன்னேன்.

அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவன் நல்ல விளையாட்டுக்காரன். மூண்டு மாசத்திலை இவன் பட்ட பாட்டை வேறை ஒருத்தரும் படமாட்டினம். நான் பாத்தவைக்குள்ளை இவன்தான் நல்லவன். சொல்லு துரைக்கு."

சொல்லு என்று விட்டார். நான் எப்படிச் சொல்லுவது? என்னையே நான் புகழ்ந்து, அதுவும் பெரிய மனுஷருக்கு முன்னால் நின்று சொல்ல என் நாக்குக் கூசியது. எங்கள் ஊரில் எவன் செய்வான் அதை? தலையைக் குனிந்துகொண்டு, "ஹீ செய்ஸ் ஐ ஆம் நொட் பாட்" என்று இங்கிலீஷில் முணுமுணுத்தேன்.

அண்ணை வாங்கில் இருந்த பன்னிரண்டு வருஷத்தில் அது ஏழாம் வருஷம். மைதானக் கரையில் குட் ஷொட், பாட் பாஸ் என்று நல்லதையும் கெட்டதையும் இங்கிலீஷில் கத்துகிற சத்தத்தை நாள்தோறும் கேட்ட காது அவருடையது.

"பாட் எண்டு ஆரடா சொன்னது? நான் பாட் எண்டு சொன்னனானோ?" என்று கத்தினார். கந்தோரில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத் தள்ளிவிட்டு மேசைக்குக் கிட்டப் போனார். என் நெஞ்சில் விரலால் குத்தி, துரையின் முகத்தை நேரே பார்த்து, "குட்!" என்றார். அது போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "வெரி குட்! வெரி குட்!" என்று இன்னும் இரண்டு தரம் சொன்னார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

துரைக்குச் சிரிப்பு. "அப்படியானால் ஏன் ஒன்பது குற்றம்?" என்று கேட்டார். கழித்த இலையையும் கையிலிருக்கிற இலையையும் பற்றி நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளங்கப்படுத்தினேன். துரை அரைவாசியாகத்தான் நம்பினார்.

"ஒம்பதையும் திரும்ப வாசிக்கச் சொல்லு. எத்தினை இடக்கைக் குற்றம் எண்டு பாக்கச் சொல்லு" என்றார் அண்ணை.

துரை பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டு வாசித்தார். ஏழு. பென்சில் நின்றது. போன வருஷம் இடக்கையே இல்லை என்று சொல்லி அனுப்பியவர் அவர்தானே. இல்லாத கையில் ஏழு குற்றம் பார்க்க முடியாது. அவர் கடிதத்தை மடித்து, இந்தத் தரம் லாச்சியில் போடாமல் சட்டைப் பையில் வைத்தார். மற்றப் பையனுக்கு வரவேண்டாமென்று தந்தி அடிக்கச் சொன்னார். "பின்னேரம் சப்பாத்தோடு மைதானத்துக்கு வா. நாளைக்கு வேலைக்கு வா. மைதானத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணை தண்ணீர் கேட்டார். இரண்டு கிளாஸ் குடித்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அந்தக் கொம்பனியில் எனக்கு இது பன்னிரண்டாம் வருஷம். என் தங்கைமார் இருவரும் கலியாணமாகிக் கரையேறினது அதனால்தான். அவ்வளவும் அந்த மனுஷர் ஒரு நாள் தன் வாயைத் தானே மீறியதால் எனக்கு வந்தது. அன்றைக்கு இதெல்லாம் தெரியாது, கை மட்டும் நினைவிருக்கிறது.

பின்னேரம் புதுச் சட்டையோடு மைதானத்தில் இறங்கினேன். துரை ஒரு பக்கம் நின்றார். அண்ணை கரையில், முன்பின் தெரியாத கொழும்புக்காரர்களுக்கு நடுவில், சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். வலப்பக்கத்தில் ஒருவன் என்னை மறித்தான். நான் பந்தை மற்றக் கைக்கு மாற்றி, மூலையிலிருந்து எழும்பிப் போட்டேன். வளையத்தில் தொடாமல் உள்ளே விழுந்தது. நாலு பக்கமும் கை தட்டினார்கள். நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"கால்!" என்று கத்தினார். "கால் கோட்டை மிதிக்குது, கண் தெரியேல்லையோ உனக்கு?"

நான் சந்தோஷமாகக் காலைப் பின்னுக்கு எடுத்து வைத்தேன்.