பூஜையில் வைத்த லேப்டாப்

ஆயுத பூஜை வந்தால் என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. ஸ்ரீரங்கத்து எங்கள் ஃபிளாட்டில் மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தவர், எனக்குத் தெரியாமல் பழைய லேப்டாப்பின் உள்ளேயும் சுத்தம் செய்திருக்கிறார். அதைச் சாமி படத்தின் முன் வைத்து, கற்பூரம் காட்டி, சுண்டல் சாப்பிட்ட பிறகுதான் பெருமையாகச் சொன்னார்.

"'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் இடத்தை அடைச்சுட்டிருந்துச்சு. அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன்."

அந்த ஃபோல்டரில் இருந்தது என் குரல்.

மகளுக்கு ஒரு வயதானபோது எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பயத்தில் அதற்கு முந்தைய வாரம் முழுக்கப் பேசிப் பேசிப் பதிவு செய்தேன். அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன், நரிக் கதை சொன்னேன், அவள் இன்னும் செய்யாத சேட்டைக்கெல்லாம் திட்டினேன். டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. இப்போது எனக்கு வருவது வெறும் காற்றுதான். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடக் கை தட்ட வேண்டும். மகள் வளர்ந்ததும் போட்டுக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று இருவரும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். எடுக்கவில்லை.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கத்த வேண்டும்போல் இருந்தது. எதை வைத்துக் கத்துவது?

அந்தப் பதிவுகள் இருந்தது 'பழசு' ஃபோல்டரில்தான் என்று புரிந்ததும் அவர் முகம் வெளுத்தது. "இரும்மா, ஏதாவது சாஃப்ட்வேர் இறக்கி எடுத்துடலாம்" என்று லேப்டாப்பை எடுக்கப் போனார். மாமியார் குறுக்கே வந்தார்.

"பூஜையில வெச்சதை நாளைக்குத்தான்டா தொடணும்."

மலைக்கோட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவருக்குப் போன் செய்தோம். அவருடைய கருவிகளும் பூஜையில் இருந்தன. "நாளைக்குக் கொண்டு வாங்க. அழிச்சது உடனே காணாமப் போயிடாது. அதே இடத்துல புதுசா ஏதாவது ஏறிச்சுன்னாத்தான் போச்சு. ஆன் பண்ணவே பண்ணாதீங்க" என்றார். வழக்கமாக மாமியாரின் சாஸ்திரங்களைக் கேட்டுச் சிரிக்கிறவள் நான். அன்று லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாரும் தொடாமல் காவல் காத்தேன். என் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன்.

மறுநாள் மூவரும் கடைக்குப் போனோம். மகளுக்கு விஜயதசமி லீவு. கடைக்காரர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டி வெகுநேரம் தேடினார். ஃபைல்களின் பெயர்கள் போய்விட்டன. சில திறக்கவே இல்லை. கடைசியில் ஒன்று திறந்தது.

"வெயில்ல ஆடாதேன்னு எத்தனை தடவடி சொல்றது!"

கடை முழுக்க என் குரல். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் அங்கேயே இரண்டு பென் டிரைவ் வாங்கி, இரண்டிலும் காப்பி போடச் சொன்னார்.

மகள் மட்டும் பயந்துபோய் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். "யாரும்மா அது? ஏன் திட்டுறாங்க?"

"நான்தான்டி" என்றேன்.

ஸ்பீக்கரைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதம்மா."