குற்றாலத்தில் கேட்ட பதில்

சில வருடங்களுக்கு முன், சாரல் சமயத்தில் நடந்தது. குற்றாலத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் நரம்பு, தசை நோய்களுக்கான புதிய ஆராய்ச்சிகள் பற்றி மருத்துவக் கருத்தரங்கு. நோயாளிகளின் குடும்பத்தாரும் வரலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னதால், தென்காசியிலிருந்து என் கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவருக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துவரும் நோய். திருவனந்தபுரம், மதுரை, சென்னை என்று ஓடி ஓடி, உட்கார்ந்தால் எழ முடியாத அசதி எனக்கு. போன இடத்திலெல்லாம் "பார்க்கலாம்" என்றே சொல்லி அனுப்பினார்கள்.

காலை முழுக்க ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒரு பெண் டாக்டர் ஏதோ புது மருந்தைப் பற்றிப் பேசி முடித்ததும் அரங்கமே கை தட்டியது. எனக்குப் புரிந்தது அந்தக் கைதட்டல் மட்டும்தான். டீ இடைவேளையில் அவரை வழிமறித்தேன்.

"இந்த மருந்து இவுகளுக்கு எப்பம் கெடைக்கும் டாக்டர்?"

டாக்டர் என் கணவரின் சக்கர நாற்காலிக்கு முன்னால் குனிந்து, அவருடைய விரல்களை மடக்கிப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டுகளைப் பொறுமையாகப் படித்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"இப்ப எலிக்குத்தான் கொடுத்துப் பாக்குறோம்மா. இவருக்கு உதவுற காலத்துக்குள்ள வராது. மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை உங்க டாக்டரே பாத்துக்குவார். மருந்து தேடி இனிமே அலையாதீங்க."

அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. என் கணவர்தான் குழறிய குரலில் முதலில் பேசினார்.

"விடுட்டி. அருவிப் பக்கம் போவமா?"

இத்தனை பக்கத்தில் இருந்தும், நோய் வந்த பிறகு நாங்கள் அருவிக்குப் போனதே இல்லை. மதிய அமர்வை விட்டுவிட்டு அந்த டாக்டரும் எங்களோடு வந்தார். ஐந்தருவியில் நல்ல கூட்டம். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "ஏலே, அண்ணாச்சிக்கு வழிவிடுங்க!" என்று சத்தம் போட்டு ஓரமாக இடம் ஒதுக்கித் தந்தார். நானும் டாக்டரும் ஆளுக்கொரு பக்கம் என் கணவரைத் தாங்கிக்கொண்டோம். தெறித்த நீரில் முகத்தை நீட்டியபடி, "குளிருதுட்டி" என்று அவர் சிரித்தார். டாக்டரின் புடவையும் முழுக்க நனைந்துவிட்டது.

அதற்குப் பின் எந்த ஊருக்கும் ஓடவில்லை. என் கணவர் போகும்வரை வீட்டிலேயே, பேசிக்கொண்டு இருந்தோம். உடம்பு அசதி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் அவருடைய கடைசி நாட்களை எங்கள் கையில் கொடுத்தது, முன்பின் தெரியாத ஒருவர் மறைக்காமல் சொன்ன அந்த "வராது"தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.