வளைந்து தெரிந்த தொடுவானம்

எங்கள் காரைக்கால் பட்டினச்சேரியில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. ஃபைபர் படகைத் தள்ளுவதற்கு முன் பிள்ளைகள் கைப்பேசியில் காற்றையும் அலையையும் பார்த்துக்கொள்வார்கள். பார்த்த பிறகும், மணலில் அமர்ந்திருக்கும் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். தொடுவானக் கோடு கத்தி முனையைப் போல நேராக இருந்தால் வெளிக்கடல் சாந்தமாக இருக்கிறது. ரம்பப் பல்லைப் போலக் கரடுமுரடாகத் தெரிந்தால் அங்கே பெரிய அலைகள் நடமாடுகின்றன. வயதாகிப் படகை விட்டு இறங்கிய பின் அந்த வார்த்தையைச் சொல்லும் இடம் எனக்கு வாய்த்தது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத, பழைய செய்தித்தாள்களில் நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கு, அதுவே பட்டமும் பதவியும்.

அந்த இடத்தை என் கண்ணே பறிக்கப் பார்த்தது.

ஒரு காலையில் கோட்டின் நடுவே மாட்டின் திமிலைப் போல ஒரு மேடு தெரிந்தது. "போவாதீங்கடா, வெளிய கடல் எழும்பிக் கெடக்கு" என்றேன். என் சொல்லை மதித்துப் படகுகள் நின்றன. பொழுது ஏறியதும் கடல் குளத்தைப் போலக் கிடந்தது. பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டுப் படகுகள் நிறைய மீனோடு கரையேறிய செய்தி மதியத்துக்குள் வந்து சேர்ந்தது.

"மாமாவப் பாத்தா கடலே வளைஞ்சு கும்புடு போடுதுப்பா!" என்றான் என் தங்கை மகன். கரையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அன்று மாலை தெருவில் நின்று மின்கம்பத்தைப் பார்த்தேன். அதுவும் வளைந்திருந்தது. வலக் கண்ணைப் பொத்தினேன், கம்பம் நிமிர்ந்தது. இடக் கண்ணைப் பொத்தினேன், மறுபடியும் வளைந்தது. குற்றம் கடலில் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

மகள் என்னைப் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். விழித்திரையின் நடுப்பகுதி முதுமையால் தேய்கிறது என்றார் மருத்துவர். "நீர் கசியுற வகை இல்லைங்க. கசிஞ்சா ஊசி போடணும். இதுக்கு இப்ப ஒரு ஒளிச் சிகிச்சை இருக்கு. போன பார்வை திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்குறதும் இல்ல. இருக்கிறதக் காப்பாத்தலாம், கொஞ்சம் தெளிவும் கிடைக்கலாம்."

"செய்யுங்க" என்றேன்.

திரும்பும் பேருந்தில் மகள் பொருமினாள். "ஏம்ப்பா, இனிமே நீங்க கடலுக்கா போகப் போறீங்க? வீட்டுல உக்காந்து டீவி பாக்க இந்தக் கண்ணு போதாதா?"

"டீவி பாக்கவா நான் பொறந்தேன்?" என்றேன். காரைக்கால் வரும் வரை அவள் முகத்தைச் சன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

கரையில் செய்தி பரவியதும் தங்கை மகன் விடவில்லை. "காலமெல்லாம் வெயிலும் தண்ணியும் அடிச்ச வெளிச்சத்துல கெட்ட கண்ணு. அதுக்கு வெளிச்சமே மருந்தா? பேசாம லைட் ஹவுஸுக்கு எதுத்தாப்ல நில்லுங்க மாமா, ஓசியிலயே சுத்திச் சுத்தி அடிக்கும்."

"அங்க நின்னா ஒம் மூஞ்சியும் சேந்துல்ல தெரியும். வேணாண்டா" என்றேன். வாயை வென்றேன், ஆனால் அன்று முதல் கடலைப் பற்றி என்னை எவரும் கேட்கவில்லை. நான் மணலில் அமர்ந்திருப்பேன். அவர்கள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு என்னைக் கடந்து செல்வார்கள். அந்த மௌனத்துக்குப் பணிந்து வீட்டில் முடங்க நான் உடன்படவில்லை. தவணை தவறாமல் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன்.

சிகிச்சை எளியது. ஒரு கருவியின் முன் தாடையை வைத்து அமர வேண்டும். மஞ்சள் ஒளிக்குக் கண் திறந்திருக்க வேண்டும். சிவப்பு ஒளிக்கு மூட வேண்டும். வலி சிறிதும் இல்லை. "ஆடாம உக்காருங்க தாத்தா" என்று கருவியை இயக்கும் பெண் கடிந்துகொள்வாள். "படகுல பழகின ஒடம்பும்மா, அது நிக்காது" என்பேன். மூடிய இமைக்குள் சிவப்பு பரவும்போது, படகில் மல்லாந்து கிடக்கையில் முகத்தின் மேல் விடியும் சூரியன் நினைவுக்கு வரும்.

முதல் சுற்றுச் சிகிச்சை முடிந்தபின் மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டினார். முன்பு கலங்கிய ஒரு வரி இப்போது தெளிந்து வந்தது. மேடு மட்டும் கரையவில்லை. "அது அப்படியேதான் இருக்கும்" என்றார். இருக்கட்டும் என்று எழுந்தேன். அதை வெல்லும் வழியை நான் முன்பே கண்டறிந்திருந்தேன்: என் கண்ணின் மேடு நான் பார்க்கும் இடத்துக்கெல்லாம் கூடவே வரும், கடலின் அலை எனக்காக நகராது.

மறுநாள் விடியலில் வழக்கமான இடத்தில் அமர்ந்தேன். படகுகள் தயாராகிக்கொண்டிருந்தன. தங்கை மகன் அருகில் வந்து நின்றான்.

"என்ன மாமா, இன்னிக்குக் கடல் நேரா நிக்குதா, கும்புடுதா?"

கேலியாகவே கேட்டான். ஆயினும் கேட்டுவிட்டான். நான் தலையை மெல்லத் தெற்கிலிருந்து வடக்காகத் திருப்பினேன். மேடு என் பார்வையோடு நகர்ந்தது. அது விட்டுச்சென்ற இடமெல்லாம் கோடு நேராகக் கிடந்தது. பின்பு வலக் கண்ணைப் பொத்தி இன்னொரு முறை சரிபார்த்தேன்.

"வளைவு என் கண்ணுலதாண்டா இருக்கு, கடல்ல இல்ல. கோடு கத்தியாட்டம் கெடக்கு. போயிட்டு வா" என்றேன், கரை முழுவதும் கேட்கும்படி.

அவன் ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு கைப்பேசியையும் பார்த்தான். பார்க்கட்டும். "தள்ளுங்கடா" என்று குரல் கொடுத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். படகுகள் திரும்பும் வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடல் எனக்குப் பொய் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து மறுபடியும் ஒளி வைக்க வேண்டுமாம். மகள் இப்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள். முணுமுணுக்கட்டும். பேருந்தில் கடல் தெரியும் பக்கத்துச் சன்னல் இருக்கை எனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.