தரையில் விட்ட மதியம்

“எறக்குடா அவள! ஒத்தக் கையில எத்தன புழுவப் பொறுக்குவே?”

மாது குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வலது கையால் பட்டுப்புழுக்களை எடுத்துக்கொண்டிருந்தான். பழுத்த புழுக்கள் இலை தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி ஆட்டின. காலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவை, பத்து மணிக்குள் மொத்தமும் மஞ்சள் பாய்ந்துவிட்டன. உடனே பொறுக்கி, வளையமாகப் பின்னிய மூங்கில் தட்டிகளான சந்திரிகைகளில் விட்டால்தான் ஒழுங்காகக் கூடு கட்டும். கூலிக்கு வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் வரவில்லை. ஷெட்டில் மாது, அவன் மனைவி ஐஸ்வர்யா, பக்கத்து வயல் செல்லம்மாள், மூன்று பேர்தான். கத்தியது செல்லம்மாள்.

“தரையெல்லாம் சுண்ணாம்புத் தூளுக்கா.”

“வெளிய விடு.”

“வெளிய மண்ணு.”

“பின்ன, மண்ணுல விடாம மானத்துலயா விடுவாங்க?”

குழந்தை தன்ஷிகாவுக்குப் பதினாறு மாதம். பாதத்தில் ஒரு கீறல் இல்லை.

மாது ஏரியூர்ப் பக்கத்துக்காரன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திப் பெங்களூருக்குப் போய்ப் பதினோரு வருடம் கட்டட வேலை செய்தான். கல்யாணமான பிறகு திரும்பி வந்து ஒரு ஏக்கரில் மல்பெரி நட்டான். ஐஸ்வர்யாவுக்கு ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறியது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆயிரத்து நூறு கிராம். தாய் எழுந்து உட்காரவே பத்து நாள் ஆயிற்று. உடம்புச் சூட்டுக்காக அவள் நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டிய குழந்தையை நர்ஸ் மாதுவின் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டினாள்.

“சட்டையக் கழட்டுங்க. குளிச்சிட்டுத்தானே வந்தீங்க?”

அந்த அறையில் அப்படி உட்கார்ந்த ஒரே ஆண் அவன். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அண்ணே, பால் எப்ப குடுப்பீங்க?”

“நாளைக்கு வரும்மா. இன்னிக்கு டீதான்.”

அப்படியே இருபத்தாறு நாள். சிமெண்ட் மூட்டையோடு நாலு மாடி ஏறியவன், அந்த ஆயிரத்து நூறு கிராமை வைத்துக்கொண்டு இருமக்கூடப் பயந்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிதானமாகச் சொன்னார். முன்னதாகப் பிறந்த, எடை குறைந்த குழந்தை. நடை, பேச்சு, பார்வை, காது, புத்தி எதிலும் தாமதம் வரலாம், வராமலும் போகலாம். சொன்ன தேதிகளில் கொண்டுவந்து காட்டினால், இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். மாது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான்: பிள்ளையைக் கீழே விடக் கூடாது. டாக்டர் அதைச் சொல்லவே இல்லை.

அவன் இலை வெட்டும்போது குழந்தை அவன் முதுகில் இருந்தாள். தண்ணீர் பாய்ச்சும்போது தோளில். அவன் குளிக்கும்போது ஐஸ்வர்யாவின் இடுப்பில். பவுடர் வாசம் புழுவுக்கு ஆகாது என்பதால் அவளுக்குப் பவுடர் போட்டதில்லை. அவள்மேல் மல்பெரி இலை வாசம் அடித்தது.

போன மாதம் தர்மபுரியில், பரிசோதனை மையத்தில் சுபா என்ற பெண் அவளை உட்கார வைத்து, படுக்க வைத்து, காதருகே கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தாள்.

“முன்னாடியே பொறந்ததால ரெண்டரை மாசத்தக் கழிச்சுக்கலாங்க. கழிச்சாலும் இந்நேரம் எதையாச்சும் புடிச்சி நிக்கணும். வூட்ல தரையில விடறீங்களா?”

“விடறோங்க,” என்றான் மாது. ஐஸ்வர்யா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த முறையும் நிற்காவிட்டால் சேலத்துக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுக்கலாம் என்றாள் சுபா. அந்த அடுத்த முறை நாளைக்கு. தலைக்குள் என்ன இருக்குமோ என்ற பயம் இருந்தும், சொன்ன பொய்யை மாது ஒரு மாதமாகத் திருத்தவில்லை; குழந்தையைக் கீழே விடவும் இல்லை.

“அங்க விடறோம்னு சொன்னீங்க இல்ல?” என்றாள் ஐஸ்வர்யா, ஷெட்டில் புழுவைப் பொறுக்கியபடி. “இப்ப விடுங்க.”

மாது வெளியே வந்தான். வேப்பமர நிழலில் சாக்கை விரித்தான். அதன்மேல் போர்வை. அதன்மேல் துண்டு.

“மாப்பிள்ளைக்குக்கூட இத்தன விரிப்பு போடலடா உங்கூட்ல,” என்றாள் செல்லம்மாள்.

உட்கார வைத்த உடனே தன்ஷிகா அழுதாள். ஊருக்கே கேட்கும் அழுகை. மாது இரண்டு தடவை வாசல்வரை போனான். இரண்டு தடவையும் ஐஸ்வர்யா புழுத்தட்டோடு குறுக்கே நின்றாள். அழுகை நின்றது. மூன்றாம் தடவை அவளால் அவனைத் தடுக்க முடியவில்லை.

துண்டில் குழந்தை இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து மண்ணுக்கு வந்திருந்தாள். காலையில் வெட்டிப் போட்ட இலைக்கட்டை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். இடுப்பு எழுந்தது. முழங்கால் நடுங்கியது. தொப்பென்று விழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள். மறுபடி பற்றினாள். இந்தத் தடவை நின்றாள். நின்றபடி ஓர் இலையைக் கடித்தாள்.

“பாரு, எல தின்னுகிட்டு தலைய வேற ஆட்டுது. சந்திரிகையில தூக்கிப் போடுங்க இவளையும்!” என்றாள் பின்னாலேயே வந்த செல்லம்மாள்.

மாது பாய்ந்தான். ஐஸ்வர்யா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

“தொட்டீங்கன்னா பாருங்க.”

அவன் இரண்டு கை நிறையப் புழுவோடு நின்றான். புழுக்கள் அவன் சட்டையில் மூத்திரம் விட்டன. குழந்தை இலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. மாது போட்ட சத்தத்தில் வேம்பிலிருந்த காக்கைகள் கிளம்பின.

“கத்தாதடா. புழு மெரளும்,” என்றாள் செல்லம்மாள். அவளும் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அதன்பிறகு வேலை ஓடியது. பத்துப் புழுவுக்கு ஒருமுறை யாராவது வாசலுக்குப் போய் வந்து, எத்தனை தடவை விழுந்தாள், எத்தனை தடவை எழுந்தாள் என்று சொன்னார்கள். நாலு மணிக்குக் கடைசிச் சந்திரிகை நிறைந்தது. தன்ஷிகா விரிப்பில் ஒரு காலும் மண்ணில் மீதி உடம்புமாகத் தூங்கியிருந்தாள்.

மறுநாள் ஏழே காலுக்கு ஏரியூரில் பஸ் ஏறினார்கள். பத்தரைக்குச் சுபா கூப்பிட்டாள். குழந்தையின் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டாள். இருபது நிமிடம் குழந்தை அதைத் தொடவில்லை. பிறகு பிடித்து எழுந்தாள். நேற்றுத்தான் முதலில் தரையில் விட்டோம் என்று மாது சொன்னான். சுபா அதையும் எழுதிக்கொண்டாள். பிடித்து நிற்கிறாள், தனி நடை இல்லை, ஸ்கேன் இப்போது வேண்டாம், காதை அடுத்த மாதம் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினார்கள். ஷெட்டில் பாதிக்கு மேற்பட்ட புழுக்கள் நூலுக்குள் போயிருந்தன. தன்ஷிகாவை மண்ணில் விட்டுவிட்டு மாது காலித் தட்டுகளைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தான்.