உ-14 செத்த கதை

என் மனைவிக்கு என் பதிவுப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. முப்பது வருடம் ஓர் அரசாங்கக் கந்தோரில் பதிவேடு எழுதி ஓய்வுபெற்ற மனுசன், அம்பிட்டிய வீட்டின் பின்பக்கம் நிழல்வலை கட்டி அந்தூரியம் வளர்க்கத் தொடங்கினால் சும்மா வளர்ப்பானா? ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தூரிகையால் தடவி, மாதக்கணக்கில் காத்திருந்து, பழுத்த மணிகளிலிருந்து விதை எடுத்துத் தேங்காய்த் தும்பில் முளைக்க வைத்தேன். முளைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். முதல் கலப்பு அ வரிசை, அடுத்தது ஆ, அப்படியே இ, ஈ, உ. யோகட் கப்பை வெட்டிய துண்டில் ‘உ 14’ என்று எழுதிச் சட்டியில் குத்தினால், அது உ வரிசையின் பதினாலாவது பிள்ளை. தாய் யார், தகப்பன் யார், எந்த நாள் முளைத்தது, எல்லாம் புத்தகத்தில் இருக்கும். ஒன்று செத்தால் புத்தகத்தில் அதன் நம்பருக்கு எதிரே கல்லறையில் இருப்பதுபோல ஒரு சிலுவைக் குறி. கணக்கு முடிந்தது.

தண்ணீர் ஊற்றுவது, உரம் வைப்பது, நத்தை பொறுக்குவது எல்லாம் மனைவியின் வேலை. அவற்றை நான் பதிவதில்லை.

உ வரிசை மேல்தான் என் முழு ஆசையும். பெரிய வெள்ளைக்கும் சின்னப் பச்சைக்கும் செய்த கலப்பு அது. வெள்ளைப் பூவில் பச்சை விளிம்பு வர வேண்டும். அதைக் கண்டியில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் வைத்து, அட்டையில் ‘உருவாக்கியவர்’ என்ற இடத்தில் என் பெயரைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் செத்தாலும் சரி என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடம் கழிந்து அந்த வரிசை மொட்டு விடும் வயதுக்கு வந்த நேரம் பார்த்து, எனக்குக் கண்ணில் வெண்புரை வெட்டினார்கள். கலகெதரவில் மகள் வீட்டில் தங்கி ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மழையில் லேபல்களின் மை அழிந்துகொண்டிருந்தது. “எல்லாத்தையும் பாத்துப் புதுசா எழுதி வை” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி, நான் சைவம். இத்தனை வருடத்தில் சாமி விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. அந்த ஒற்றுமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அ முதல் ஈ வரை லேபல்கள் அச்சடித்ததுபோல இருந்தன. உ வரிசையில் மட்டும் சட்டிக்குச் சட்டி ஒரு சிலுவை, பக்கத்தில் நம்பர். வேரழுகல் வந்து வரிசையோடு போய்விட்டது, மனைவியும் ஒருவழியாக என் முறையைக் கற்றுக் குறித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சட்டியில் பச்சையாக ஏதும் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. களை என்று நினைத்தேன். எங்கள் கந்தோரில், பதிவேட்டின்படி இறந்துபோன ஒருவர் நேரில் வந்து நின்றபோது, உயிரோடு இருப்பதற்குக் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிவரச் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். லேபல் சொன்ன பிறகு இலையை யார் பார்ப்பது? புத்தகத்தில் உ வரிசை முழுவதற்கும் குறி போட்டேன். போடும்போது அழுதேன். கட்டுக்குள் கண் எரிந்தது.

“அந்த வரிசையைக் கொண்டுபோய்க் கொட்டு” என்றேன்.

“நல்லா இருக்கிறத ஏங்க கொட்டணும்?” என்றாள்.

“புத்தகத்துல முடிச்சாச்சு. எனக்குப் பாடம் எடுக்காத.”

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அவள் கொட்டவில்லை. அக்குறணையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் எங்களிடம் அந்தூரியக் கண்டு வாங்க வருவார். நல்ல மனுசன், பூப் பைத்தியம். அத்தனை சட்டியையும் அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த கண்காட்சிக்கு இருவரும் போனோம். வழக்கம்போலப் புத்தகம் என் கையில். அந்தூரியம் வைத்திருந்த மேசையில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன். முதல் பரிசு. வெள்ளைப் பூ, பச்சை விளிம்பு. சட்டியில் யோகட் கப் துண்டு, அதில் என் மனைவியின் கையெழுத்தில் ஒரு சிலுவையும் 14உம்.

“இது என்னடி சிலுவை?”

“நீங்கதான் பிள்ளையார் சுழி போட்டு நம்பர் எழுதியிருந்தீங்க. நான் எழுதுறப்ப என் சாமியப் போட்டேன். ஒண்ணும் சாகாம இருக்கட்டும்னுதான்.”

அட கடவுளே! ஈ-க்கு அடுத்தது உ என்று அவளுக்குத் தோன்றவில்லை. சைவக்காரன் உ போட்டால் அது பிள்ளையார்தான், அவளுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

அதற்குள் நானா என்னைக் கண்டுவிட்டார். “வாங்க ஐயா! ஒங்கட வூட்டுக் கண்டுதான் இது. மாஷா அல்லாஹ், என்னமா பூத்தீக்கி! உருவாக்கினவர் பேர எழுதாமத்தான் வெச்சீக்கேன். தாய் தகப்பன் ஆருன்னு பொஸ்தகத்தப் பாத்துச் செல்லுங்க, ஒங்கட பேரயே எழுதிருவோம்.”

கண்காட்சி நடத்தும் அம்மா ஒருவர் பேனாவோடு தயாராக நின்றார். நான் புத்தகத்தைத் திறந்தேன். உ 14, தாய், தகப்பன், எல்லாம் முத்து முத்தான எழுத்தில். எதிரே நான் போட்ட குறி. நானாவும் எட்டிப் பார்த்தார்.

“என்ன ஐயா, இதுல மௌத்தாப் போனதாவல்லவா ஈக்கி? வெட்டி எழுதுங்க, ரெண்டு நிமிச வேல.”

வெட்டி எழுதுவதா? என் புத்தகத்திலா? அங்கே நின்றவர்களில் பாதிப் பேரிடம், என் பதிவில் ஒரு பிழை காட்டினால் மீசையை எடுக்கிறேன் என்று சவால் விட்டவன் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். புத்தகத்தை மூடினேன்.

“இது எங்க கண்டு இல்ல. எங்களோடது செத்துப்போச்சு” என்றேன். அந்த அம்மா பேனாவை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அம்பிட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பஸ் புறப்பட்டதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“அது உங்க பூ இல்லன்னு நீங்க ஆயிரம் தடவ சொல்லிக்கங்க. மூணு வருசம் தண்ணி ஊத்தினவ நான். அது என் பூ இல்லன்னு சொல்ல நீங்க யாருங்க?”

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.